ஏதாவது புதுசா

"புதுசு" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வாய் என்று ஐடியாக்காவிடம் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவாள்.

வசதியுள்ளவர்கள் சந்தா கட்டிச் சேரும் கிளப் அது. புல்வெளி, டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், பில்லியர்ட்ஸ் அறை, பெரிய சாப்பாட்டுக் கூடம், மாடியில் ஒரு வாசகசாலை எல்லாம் உண்டு. உறுப்பினர்களுக்காக சனிக்கிழமைதோறும் மாலையில் ஒரு நிகழ்ச்சி நடத்துவதுதான் அவளுக்கு வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்போதிருந்த தலைவர், "இவங்கதான் இனிமே நம்ம ஐடியா" என்று ஒலிபெருக்கியில் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து உறுப்பினர்களுக்கு ஐடியா மேடம், ஊழியர்களுக்கு ஐடியாக்கா. அவள் கணவரே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும். தலைவர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஏதாவது புதுசா பண்ணுங்களேன் மேடம்" என்பார். அவ்வளவுதான். அவர் பங்கு யோசனை அதோடு முடிந்தது. இவள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்வாள். உடனே கமிட்டியில் இருக்கும் ஓர் அம்மாள், "இது போன வருஷமே பண்ணினோமே" என்பார். உலகத்தில் எவருமே செய்யாத ஒன்றைச் சொன்னாலும் அந்த அம்மாள் அதைப் போன வருஷமே பார்த்திருப்பார். ஊழியர்கள் அவருக்குப் போனவருஷம் மேடம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தப்பித் தவறி ஒரு யோசனை தேறிவிட்டால் அதை உரிக்க ஆரம்பிப்பார்கள். வெங்காயம் உரிக்கிற கதைதான். "இருட்டு விருந்து" என்று ஒன்று வைத்தாள். விளக்கை அணைத்துவிட்டு, சாப்பிடுவது என்ன என்று ருசியை வைத்தே சொல்ல வேண்டும். முழு இருட்டு வேண்டாம், பாதி வெளிச்சம் இருக்கட்டும் என்றார் ஒருவர். என் மேஜைக்கு மட்டும் விளக்கு வேண்டும் என்றார் இன்னொருவர். நடக்கிற அன்று பாதிப் பேர் கைபேசி டார்ச்சை அடித்துப் பார்த்து, "கட்லெட்! கட்லெட்!" என்று கத்திப் பரிசு கேட்டார்கள். "மௌன மாலை" என்று ஒன்று வைத்தாள். ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. தலைவர் எழுந்து மௌனத்தின் மகிமையைப் பற்றிப் பேசத் தொடங்கி, அந்த ஒரு மணி நேரத்தையும் தானே பேசித் தீர்த்தார். தோட்டத்தில் புதையல் வேட்டை வைத்தபோது நடந்ததை நினைத்தால் அவளுக்கு இப்போதும் பல் கூசும். குறிப்புச் சீட்டை வாங்கிய உறுப்பினர்கள், அதைத் தங்கள் கார் டிரைவர்களிடம் கொடுத்துத் தேடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். டிரைவர்கள் செடிகளுக்குள் புகுந்து புகுந்து தேடினார்கள். புதையலை எடுத்தது ஒரு டிரைவர், கோப்பையோடு புகைப்படத்தில் நின்றது அவர் முதலாளி.

எதை வைத்தாலும் உரித்து உரித்துக் கடைசியில் மிஞ்சுவது கட்லெட், கேக், தலைவர் உரை. மறுநாளே "போரடிக்குது மேடம், ஏதாவது புதுசா..." என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் அவள் தொட்டதில்லை. தம்போலா. பையிலிருந்து எண்ணை எடுத்துக் கூப்பிட, அவரவர் சீட்டில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆட்டத்தைத்தான் அவளுக்கு முன்னால் இருந்தவர் வாராவாரம் நடத்தி, வாராவாரம் திட்டு வாங்கினார். நேர்காணலில் இவள், "தம்போலாவைத் தவிர எதை வேணும்னாலும் நடத்துவேன் சார்" என்று வீராப்பாகச் சொல்லித்தான் வேலையை வாங்கினாள். அந்த வாய்க்கு இத்தனை வருஷமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் இருக்கும் அந்த வாசகசாலை. அங்கே இருந்த நூலகர் மகனோடு இருக்கப் போய்விட்டார், நாற்காலி காலியாகக் கிடந்தது. நான்கு அலமாரிப் புத்தகம், டென்னிஸ் மைதானத்தைப் பார்த்த ஒரு ஜன்னல், ஜன்னலோரம் ஒரு மேஜை. வருவது இரண்டே உறுப்பினர்கள். ஒருவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்க வருவார், இன்னொருவர் இன்று யார் போய்ச் சேர்ந்தார் என்று மரண அறிவிப்புகளைப் பார்க்க வருவார். இருவரும் இவளிடம் புதுசாக எதையும் கேட்கப் போவதில்லை. எல்லாவற்றையும்விட, சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கதவைப் பூட்டிவிடலாம். சனிக்கிழமையும்தான்.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். சனிக்கிழமை மத்தியானமே கடை அடைத்துவிடும். கல்யாணமான நாளாக அவருடைய சனிக்கிழமை மாலைகளை அவர் தனியாகத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறார். "உன் கிளப்புல மெம்பரா சேர்ந்தாத்தான் உன்னோட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியும்போல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். பிறகு சிரிக்க முடியவில்லை.

அந்த நாற்காலியை எனக்குக் கொடுங்கள் என்று மூன்று கமிட்டிகளிடம் கேட்டுவிட்டாள். "அப்புறம் நிகழ்ச்சி எல்லாம் யாரு மேடம் பண்றது?" என்று மூன்று கமிட்டிகளும் ஒரே பதிலைச் சொல்லின. வேலை தெரிந்தவள் தலையில்தானே எல்லாம் விடியும். போதாக்குறைக்கு, நூலகர் இல்லாத வாசகசாலையைச் சீட்டாடும் அறையாக மாற்றிவிடலாம் என்றும் ஒரு பேச்சு அடிபட்டது.

இந்த நிலையில்தான் செயலாளர் ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், அடுத்த சனிக்கிழமை ஒரு வழியனுப்பு விழா. நம்ம ஸ்டாஃப்ல ஒருத்தங்களுக்கு. ரொம்ப வருஷமா இருக்கறவங்க, வேற வேலைக்கு மாறிப் போறாங்க. நல்லா பண்ணணும்."

"யாருக்கு சார்?"

"அது சர்ப்ரைஸ்."

"ஏற்பாடு பண்றவளுக்கே சர்ப்ரைஸா சார்?"

"ஆமா! அதான் புதுசு!" செயலாளர் முகம் மலர்ந்துவிட்டது.

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு தெரியாம நான் எப்படி சார்..."

"உங்களுக்குன்னு நெனச்சுக்கோங்களேன். அந்த மாதிரி பண்ணுங்க." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ரசித்துச் சிரித்தார்.

"எந்த வேலைக்கு மாறிப் போறாங்க சார்?"

"மாடிக்..." செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதெல்லாம் அன்னிக்குத் தெரியும். போங்க, போங்க."

மாடியில் ஊழியருக்கு என்று இருக்கும் ஒரே இடம் வாசகசாலைதான். அவளுக்கு வயிறு எரிந்தது. மூன்று முறை கேட்டவளுக்கு இல்லாத நாற்காலி, வாயே திறக்காத எவருக்கோ போகிறது. அந்த எவருக்கோ விழா எடுக்க வேண்டியவளும் இவள்தான்.

எவர் என்பதும் அன்று மாலையே தெரிந்துபோயிற்று. வாசகசாலைப் படிக்கட்டில் மார்க்கர் அண்ணன் கையில் தூசித் துணியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். பில்லியர்ட்ஸ் அறையில் நாள் முழுக்க நின்றபடியே ஆட்டப் புள்ளிகளைக் கூவிச் சொல்லுகிற மனிதர். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், "இந்தாளுக்கு உட்கார்ந்து பார்க்கற வேலை ஒண்ணு குடுங்கப்பா" என்று எல்லோரும் பரிந்து பேசிக்கொண்டிருந்த நேரம். இவளைப் பார்த்ததும் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"என்ன அண்ணே, மாடியில வேலை?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா... காத்து வாங்க."

தூசித் துணியோடு காற்று வாங்கப் போகிறவரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

வீட்டுக்கு வந்து செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று கட்டிலுக்கு அடியில் போயிற்று. கணவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். கதையை முழுதும் கேட்டுவிட்டு, "விடு. அந்த மனுஷனுக்குப் பாவம் முட்டி வலி" என்றார்.

"எனக்கு மண்டை வலி! அது யார் கண்ணுக்காவது தெரியுதா? முட்டி வலின்னா நொண்டிக் காட்டலாம். மண்டை வலிய நான் எப்படிக் காட்டறது?"

அவர் ஊசியில் நூல் கோர்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

கோபம் என்றால் அவளுக்கு அப்படி ஒரு கோபம். மார்க்கர்மேல் பாய முடியவில்லை, அவர் நல்ல மனிதர். கமிட்டிமேல் பாய முடியாது, சோற்றில் கை வைத்துவிடுவார்கள். கடைசியில் அந்தக் கோபம் நிகழ்ச்சியின்மேல் பாய்ந்தது. புதுசு வேண்டுமா உங்களுக்கு? இந்தாருங்கள் தம்போலா. பழைய நைந்த துணிப்பையைக் கிடங்கிலிருந்து எடுத்து உதறினாள். எண்களைக் கூப்பிட ஆள் வைப்பானேன், விழா நாயகரே கூப்பிடட்டும் என்று முடிவு செய்தாள். தன் வழியனுப்பு விழாவில் தானே நின்று தொண்டை கட்டக் கத்தட்டும். மேடையில் அவர் உட்கார, கிடங்கில் ஒரு கால் குட்டையாகக் கிடந்த நாற்காலியை எடுத்துப் போட்டு, மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தச் சொன்னாள்.

சமையல் மாஸ்டர் கேக்கைப் பற்றிக் கேட்க வந்தார்.

"போன வாரம் மிஞ்சின கேக் இருக்கே, அதுக்கு மேலேயே கிரீமைத் தடவி, 'போய் வாருங்கள்'னு எழுதிடுங்க."

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் நீங்களே வருத்தப்படக் கூடாது."

"எவருக்கோ வெட்டற கேக்குக்கு நான் எதுக்கு மாஸ்டர் வருத்தப்படணும்?"

மாஸ்டர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும். எல்லோரும் தன்மேல் பரிதாபப்படுகிறார்கள் என்று அவளுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

மார்க்கரிடம் போய், "அண்ணே, சனிக்கிழமை நம்பர் நீங்கதான் கூப்பிடணும்" என்று வெடுக்கென்று சொன்னாள்.

"நானா?" அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "உனக்காக அதுகூட செய்ய மாட்டேனா?"

உனக்காக என்றால் என்ன என்று யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

சனிக்கிழமை வந்தது. சீட்டுகள் மேஜைக்கு மேஜை போயின. யாராவது முகம் சுளிப்பார்கள், "இதென்ன மேடம், தம்போலாவா?" என்பார்கள், "ஆமாம், தம்போலாதான்" என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெரியவர் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "அட, தம்போலா! இப்பவும் இதெல்லாம் கெடைக்குதா?" என்று தடவிப் பார்த்தார்.

மார்க்கர் மைக்கைப் பிடித்தார். புள்ளி கூவிக் கூவிப் பழகிய தொண்டை. அதில் இவ்வளவு குறும்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"பதினொண்ணு... தலைவர் சார் டென்னிஸ் ஆட வந்தா தெரியற ரெண்டு காலு!"

கூடம் ஒரு கணம் திகைத்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. ஒல்லியான தலைவரே தன் காலைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"தொண்ணூறு... நம்ம லிஃப்ட் மாடிக்குப் போய்ச் சேர ஆகற நிமிஷம்! ஒண்ணு... ஒத்தை ஒண்ணு... இந்தக் கிளப்புல தல வலிக்க யோசிக்கற ஆளுங்க எண்ணிக்கை!"

அதைச் சொன்னபோது அவர் தூண் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. அவள் கவனிக்கவில்லை, கூடத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றாள். மௌன மாலையில் தூங்கியவர்கள், இருட்டு விருந்தில் சண்டை போட்டவர்கள், புதையலுக்கு டிரைவரை அனுப்பியவர்கள், எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் ஜெயித்ததும் நாற்காலிமேலேயே ஏறி நின்று சீட்டை ஆட்டினார். போனவருஷம் மேடம், "இந்த மாதிரி போன வருஷம் ஒண்ணுகூட நடக்கலையே!" என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி சொன்னார். அதைக் கேட்டு ஐடியாக்காவுக்கு அழுகை வராத குறை. அத்தனை வருஷம் கரைத்த மூளையை என்னவென்று சொல்வது?

அப்புறம் தலைவர் மேடையேறினார். "இன்னிக்கு நாம வழியனுப்பற ஆளு யாருன்னு அவங்களுக்கே தெரியாது. ஏன்னா, விழாவ ஏற்பாடு பண்ணினதே அவங்கதான். நம்ம ஐடியா மேடம்!"

அவள் கேக் வெட்டும் கத்தியோடு திரும்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் தூண்தான் இருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். கூடத்தின் கடைசி வரிசையில், பித்தான் தைத்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் பாதி கட்லெட்டோடு அவள் கணவர் எழுந்து நின்று தட்டினார். முந்தைய நாள்தான் செயலாளர் அவருக்கு ஃபோன் பண்ணிக் கூப்பிட்டிருந்தாராம். ஒரு சின்ன மெழுகுவத்தி ஏற்றுவதற்குக்கூட இவளைத் தேடுகிற கமிட்டி, இவளுக்கே விழா எடுக்க நினைத்தபோதும் இவளைவிட்டால் வேறு யாரைப் பிடிக்கும்? "அவங்க" என்ற பாழாய்ப்போன சொல்லில் ஆணும் அடக்கம், பெண்ணும் அடக்கம். தானும் அதற்குள் அடங்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

மேடைக்குத் தள்ளிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். நாற்காலி டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், அவளை அது ஆட்டி வைத்தது. கேக்கும் போன வாரத்து வாசனையோடு எதிரே இருந்தது. மார்க்கரை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தனக்காக மாடியைத் துடைத்துவைத்த மனிதரை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

தலைவர் ஒரு சாவியைத் தூக்கிக் காட்டினார். "வாசகசாலைச் சாவி! மூணு கமிட்டிகிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துட்டாங்க, இனிமே நிகழ்ச்சிய நாங்களே பாத்துக்கறோம். திங்கக்கிழமையிலேர்ந்து இவங்கதான் அங்க!"

"போகக் கூடாது!" என்று ஒரு குரல். "அடுத்த வாரமும் தம்போலா வேணும்!" என்று இன்னொன்று. "ஐடியா மேடத்த விட மாட்டோம்!" மேஜையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கை தட்டல் கேட்டால் தலைவருக்குத் தலைகால் புரியாது. அவர் முகத்தில் அந்த மயக்கம் வருவதை அவள் பார்த்தாள்.

"மெம்பருங்க இவ்வளவு அன்பா கேக்கும்போது..." என்று அவர் இழுத்தார். "இது உங்களுக்குக் கெடச்ச பெரிய மரியாதை மேடம். சாவி கொஞ்ச நாள் என்கிட்டயே இருக்கட்டும்." சாவி அவர் கோட்டுப் பைக்குள் இறங்கியது.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க! இன்னிக்கு நடந்ததுல ஐடியாவே கெடையாது. இது முழுக்க முழுக்க என் கோவம். மார்க்கர் அண்ணனுக்கு விழான்னு நெனச்சு, மாடி அவருக்குப் போகுதுன்னு நெனச்சு, வயித்தெரிச்சல்ல எது மட்டமோ அதப் பொறுக்கி எடுத்துப் பண்ணினேன். கேக்குகூட பழசு. இத்தன வருஷம் உசுரக் குடுத்துப் புதுசு புதுசா பண்ணினேன், ஒருத்தர் எந்திரிச்சு நின்னதில்ல. ஒரு கந்தப் பையக் குடுத்தேன், நாற்காலி மேல ஏறி நிக்கறீங்க! இதுக்கு நான் எதுக்கு? பை இருக்கு, அண்ணன் குரல் இருக்கு. அண்ணே, என்ன மன்னிச்சிடுங்க. வாராவாரம் இதக் கூப்பிடுவீங்களா?"

மார்க்கர் கீழே விழுந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தார். "உட்கார்ந்துகிட்டே கூப்பிடலாம்னா எனக்கு முட்டிக்கு நல்லதுதாம்மா. ஆனா இந்த நாற்காலி வேணாம்" என்றார்.

முதலில் சிரித்தது போனவருஷம் மேடம். பிறகு எல்லோரும். தலைவர் மட்டும் சிரித்தபடியே கையைக் கோட்டுப் பைமேல் வைத்துக்கொண்டு நின்றார். அவள் கையை நீட்டினாள். அவர், "அதெல்லாம் செவ்வாய்க்கிழமை கமிட்டியில..." என்றார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

மார்க்கர் அவள் கையிலிருந்த மைக்குக்குக் குனிந்து, அதே கூவும் குரலில், "அடுத்த நம்பர்... தலைவர் சாரோட எடது பாக்கெட்டு!" என்றார்.

"எடுங்க! எடுங்க!" என்று கூடமே கத்தியது. அத்தனை பேர் முன்னால் அவரால் வேறென்ன செய்ய முடியும்? எடுத்தார். கொடுத்தார். அதற்கும் ஒரு கை தட்டல் கிடைத்ததில் அவருக்குச் சமாதானம் ஆகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை. கீழே கூடத்தில் மார்க்கர் மைக்கைத் தட்டிச் சரிபார்க்கும் சத்தம் மாடிவரை கேட்டது. ஐடியாக்கா ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷத்தில் இரண்டு முறை எழுந்து, கட்லெட் வந்துவிட்டதா என்று பார்க்கப் படிவரை போய், தன் தலையில் தானே குட்டிக்கொண்டு திரும்பியிருந்தாள். வாசல் கேட்டுக்கு வெளியே அவள் கணவர் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

செய்தித்தாளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் விழித்துக்கொண்டார். கொட்டாவி விட்டார். அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஏதாவது புதுசா வந்திருக்கா?"

அவள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். எந்தக் கமிட்டியிடமும், எந்த வருஷமும், ஒரே ஒரு முறைகூடச் சொல்ல முடியாத பதிலை, அவசரமே படாமல், வாய் நிறையச் சொன்னாள்.

"இல்ல சார். எல்லாம் பழசுதான்."